ஓடைக்குத் தெற்கே இருந்த மறுபிரதி

வடக்குக் கூடம் எரிந்த மறுநாள் காலையில் நொச்சியோடை ஊர்க்காரர்கள் எழுந்து, பல் விளக்கி, சுவரில் மாலை போட்டு மாட்டியிருந்த படங்களுக்கு முன்னால் வழக்கம்போல விளக்கேற்றப் போய் நின்றபோது, படத்தில் இருந்தவர்கள் யாரென்று அவர்களுக்குத் தெரியவில்லை. பெயர் தெரிந்தது, ஏனென்றால் பெயர் படத்துக்குக் கீழே அச்சடித்திருந்தது; ஆனால் அந்த முகம் சிரித்தால் எப்படி இருக்கும், அந்தத் தொண்டை எப்படிக் கனைக்கும், அந்தக் கை சோறு பிசையும்போது எந்த விரல் மட்டும் தனியே நிமிர்ந்து நிற்கும் என்பதெல்லாம் துடைத்துவிட்டதுபோலப் போயிருந்தது. உரக்கடைக்காரரான திருமலைக்குமார் தன் தாய் சங்கரவடிவின் படத்தை ஆணியிலிருந்து கழற்றி வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, யார் வீட்டுப் படமோ மாறி வந்துவிட்டது என்றார். அவர் மனைவியும் எட்டிப் பார்த்துவிட்டு அப்படித்தான் இருக்கும் என்றாள்.

அதே நேரத்தில் ஓடைக்குத் தெற்கே, காலனியில், வாசலில் குத்தவைத்து மீன் ஆய்ந்துகொண்டிருந்த பாக்கியத்தாய்க்கு, தான் ஒருநாளும் உள்ளே போயிராத ஓர் அடுக்களையில் கொத்துச்சாவி எந்தப் பானைக்குப் பின்னால் இருக்கும் என்பது தெரிந்தது. அவளுக்கு அது ஆச்சரியமாக இல்லை. இன்னொருத்தி வீட்டு வேலையும் சேர்ந்து தலையில் விழுந்ததுபோல அலுப்பாக இருந்தது. மூடை இறக்க ஆள் கூப்பிடுவதற்காகக் காலனிக்கு வந்த திருமலைக்குமார், அம்மா முகம்கூட மறக்குமா என்று முனகிக்கொண்டே அவள் வாசலைக் கடந்தபோது, பாக்கியத்தாய் மீனிலிருந்து கண்ணெடுக்காமல், "குமாரு, வெறுங்காலோடயா வந்தே?" என்றாள். அது பாக்கியத்தாயின் குரல் இல்லை. அந்தக் குரலைக் கேட்டதும் திருமலைக்குமாருக்குத் தாயின் முகம் முழுசாகத் திரும்பி வந்தது, அவர் ஓடைப் பாலத்தைத் தாண்டும்வரை கூடவே இருந்தது, தாண்டியதும் போய்விட்டது.

ஊருக்கு மேற்கே, காற்றாலைகள் சுற்றுகிற பொட்டலில், வெளியூர்க் கம்பெனி ஒன்று கட்டிய தகவல் மையம் இருந்தது. மேய்ச்சல் நிலத்தைக் கொடுத்ததற்குப் பதிலாக, ஓடைக்கு இருபுறமும் உள்ள எல்லா வீட்டுப் படங்களையும், கல்யாண வீடியோக்களையும், ஃபோனில் பேசிய பேச்சுகளையும் காலாகாலத்துக்கும் இலவசமாகக் காத்துத் தருவதாகக் கம்பெனி வாக்குக் கொடுத்திருந்தது. ஊர்ப் பெட்டகம் என்று அதற்குப் பெயர். பெட்டகம் வந்தபின் யாரும் ஆல்பம் வைத்துக்கொள்ளவில்லை. செத்தவர்களின் புடவையை மடித்து வைக்கவில்லை. எல்லாம் அங்கே இருக்கிறது என்ற தைரியத்தில் அவர்களைப் பற்றிப் பேசுவதும் குறைந்துபோனது. உயிரோடு இருப்பவர்களைத் தினமும் பார்த்துப் புதுப்பித்துக்கொள்ளலாம். இறந்தவர்கள் பெட்டகத்தை நம்பியே இருந்தார்கள்.

அந்தப் பெட்டகத்தைப் பராமரித்தவள் கிருபை. காலனியில் பிறந்து, பாளையங்கோட்டையில் படித்து, சென்னையில் சில வருஷம் இதே வேலையைப் பார்த்துவிட்டு, அம்மா போனபின் அப்பா யோவானைத் தனியே விட மனமில்லாமல் திரும்பி வந்தவள். நூற்றுக்கணக்கான டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே களஞ்சியம்போல ஆக்குவதும், எதில் இடம் இருக்கிறது, எது நோய்ப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதும், புதிய டிஸ்க்கைச் சேர்த்தால் பாரத்தை எல்லாவற்றுக்கும் சமமாகப் பங்கிடுவதும் அவள் வேலை. அப்படிச் சேர்த்த களஞ்சியத்துக்கு டிஸ்க் குரூப் என்று சொல்வார்கள். அதில் எதை வைத்தாலும் இரண்டு பிரதியாகத்தான் வைக்கவேண்டும், இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கக்கூடாது. ஒரு பக்கம் தீப்பிடித்தால் மறுபக்கம் பிழைக்க வேண்டும் என்பதற்காக, கட்டடத்தின் நடைபாதைக்கு வடக்கே ஒரு கூடம், தெற்கே ஒரு கூடம் என்று கிருபைதான் இரண்டாகப் பிரித்து வைத்தாள். முதலில் பதிந்துகொண்ட ஊர்க்காரர்களின் முதல் பிரதி வடக்குக் கூடத்திலும், பிந்திச் சேர்த்துக்கொள்ளப்பட்ட காலனிக்காரர்களின் முதல் பிரதி தெற்குக் கூடத்திலும் இருந்தன. ஒவ்வொன்றின் மறுபிரதியும் எதிர்க் கூடத்தில் இருந்தது. வடக்கின் பாட்டரி அறையில் தீப்பிடித்து கூடம் முழுவதும் கரியானபோது, தெற்கு ஒன்றே எல்லாவற்றையும் தாங்கி நின்றதைத் திரையில் பார்த்து கிருபை ஸ்தோத்திரம் சொன்னாள். ஒன்றும் தொலையவில்லை என்று மேலாளருக்கு எழுதினாள். அவள் எழுதியது உண்மைதான். வடக்கே இருந்த இறந்தவர்கள் எல்லாரும் தெற்கே பத்திரமாக இருந்தார்கள்.

சில நாட்களிலேயே இரண்டு பக்கமும் விஷயம் பிடிபட்டுவிட்டது. கூடத்தில் நடந்ததே ஓடையின் இரு கரையிலும் நடந்திருந்தது; ஊரில் இறந்த ஒவ்வொருவரும் தெற்கே காலனியில் யாரோ ஒருவரிடம் இருந்தார். ரத்த உறவு வந்து கேட்டால்தான் வாய் திறந்தது. மற்றவர் கேட்டால் திறக்கவில்லை. இறந்தவர் பேசும்போது அவரைச் சுமப்பவருக்கு அந்தப் பேச்சு பக்கத்து வீட்டிலிருந்து வருவதுபோலக் கேட்டது. முதலில் ஊர்க்காரர்கள் அவர்களைத் தங்கள் வீட்டுக்கே கூப்பிட்டார்கள், கொல்லைப்புறமாக வரச் சொல்லி. வந்து நின்றவர்கள் வாயிலிருந்து அவர்கள் சொந்தக் குரல்தான் வந்தது. பிறகு பாலத்துக்கு நடுவில் பந்தல் போட்டு, ஃபேன் வைத்து, அங்கே உட்காரவைத்துப் பார்த்தார்கள். அங்கேயும் வரவில்லை. பிரதி எங்கே இருக்கிறதோ அங்கே போய்த்தான் அதைக் கேட்க முடியும் என்று கிருபை சொன்னதை ஊர்க்கூட்டம் முதலில் திமிர் என்று எடுத்துக்கொண்டது. பிறகு ஒவ்வொருவராக, வேறு வேலையாக வந்ததுபோல, ஓடையைக் கடந்தார்கள்.

வந்தவர்கள் தங்கள் பாயைக் கொண்டுவந்தார்கள், தங்கள் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். கொஞ்ச நாளில் பாயைக் கொண்டுவர மறந்தார்கள். வெயில் ஏற ஏறத் தண்ணீரும் கேட்டு வாங்கிக் குடித்தார்கள்; வீட்டில் போய் அதைச் சொல்லவில்லை. சொத்துச் சண்டையில் ஜென்மப் பகையாயிருந்த அண்ணனும் தம்பியும் ஒரே அப்பாவைக் கேட்க ஒரே வாசலில் முறை வைத்து உட்கார்ந்தார்கள். பாக்கியத்தாயிடம் சங்கரவடிவு தவிர இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் கோயில் தர்மகர்த்தா, இன்னொன்று பேச்சு வராத கைக்குழந்தை, அதன் தாய் தினமும் வந்து அவள் மடியருகே காதை வைத்து அழுகையைக் கேட்டுவிட்டுப் போனாள். பாக்கியத்தாய்க்கு அதில் மட்டும் அலுப்பு வரவில்லை. மற்றபடி காலனியில் உலை வைக்க நேரமில்லாமல் போனது. வேலைக்குப் போக முடியாமல் ஆம்பிளைகள் வாசலில் உட்கார்ந்து, தங்களை ஒருகாலத்தில் செருப்பைக் கழற்றச் சொன்னவர்களின் குரலில், அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு ஆசி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

காலனியின் இறந்தவர்கள் காலனிக்காரர்களுக்கு மறக்கவில்லை, அவர்களுடைய முதல் பிரதி தெற்கேதான் இருந்தது. ஆனால் அவர்களுக்கும் இப்போது அந்த ஒரு பிரதிதான் மிச்சம். அதைப் பற்றி ஊரில் யாரும் கேட்கவில்லை.

ஒரு பிரதிதான் மிச்சம் என்பது ஊருக்கு உறைத்தது வேறு விதமாக. காலனியில் நெஞ்சுவலி வந்து ஒரு கொத்தனார் இறந்துபோனார்; அவரோடு ஊரில் ஐந்தாறு வீட்டு இறந்தவர்கள் இரண்டாம் முறையும், திரும்பாதபடிக்கும் போனார்கள். கொத்தனாரின் சாவுக்கு அதுவரை இல்லாத வழக்கமாக ஊரே வந்து அழுதது, அவருக்காக இல்லை. அதற்குப் பிறகு காலனிக்கு டாக்டர் வந்தார், ஆம்புலன்ஸ் வந்து பாலத்தடியில் நின்றது, வருஷக்கணக்கில் கேட்டும் வராத குடிதண்ணீர்க் குழாய் வந்தது. கூடவே, பஸ் நிறுத்தத்தில் ஊர்க்காரப் பையன்கள் முறை வைத்து நின்றார்கள். திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போகப் பையோடு வந்தவர்களைப் பக்குவமாகப் பேசித் திருப்பி அனுப்பினார்கள். பக்குவத்துக்கு மசியாதவர்களின் பையைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். கட்டட வேலை ஆபத்து, மரம் ஏறுவது ஆபத்து, மோட்டார் சைக்கிள் ஆபத்து. யாரையும் அடிக்கவில்லை, அடிபட்டால் உள்ளே இருப்பவருக்கு என்ன ஆகுமோ என்ற பயம் அவர்களுக்கு இருந்தது. தன் வாழ்நாளில் இத்தனை பேர் தன் உயிரைப் பற்றிக் கவலைப்பட்டுப் பார்த்ததில்லை என்று யோவான் சிரிக்காமல் சொன்னார்.

யோவானிடம் இருந்தவர் குற்றாலிங்கம்.

தென்னந்தோப்புக்காரர் குற்றாலிங்கம் உயிரோடு இருந்த காலத்தில், காலனியிலிருந்து இடுகாட்டுக்குப் போகிற பாதை அவர் தோப்பு வழியாகத்தான் போனது. ஒருநாள் அதை வேலி போட்டு அடைத்தார். யாரோ ஒரு கிழவியின் பாடையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் வேலிக்கு முன்னால் திகைத்து நின்றபோது, கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஆசீர், யோவானின் மகன், கிருபையின் அண்ணன், கம்பியை அறுத்து வழிவிட்டான். சில நாள் கழித்து அவன் பிணம் தோப்புக் கிணற்றில் மிதந்தது. குளிக்கப் போய் வழுக்கி விழுந்தான் என்று எழுதி முடித்தார்கள். ஓடையில் வெள்ளம் வரும்போது அக்கரைக்கு நீந்திப் போய் வருகிற பையன் அவன்.

குற்றாலிங்கத்தின் ஒரே மகள் உலகம்மை, தோப்பையும் எண்ணெய்ச் செக்கையும் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தவள், வெள்ளிக்கிழமைதோறும் மத்தியானம் யோவான் வீட்டுக்கு வந்தாள். பெரிதாக ஒன்றும் கேட்கமாட்டாள். சாப்பிட்டீங்களாப்பா என்பாள், சாப்பிட்டேன் தாயி என்று யோவானின் வாயிலிருந்து குற்றாலிங்கத்தின் கனத்த குரல் வரும், அந்தத் தாயி என்ற சொல்லுக்காகத்தான் அவள் வந்தாள். அவளை அக்கா என்று கூப்பிடுவதா, அம்மா என்று கூப்பிடுவதா என்று தெரியாமல், கிருபை எந்த முறையும் வைக்காமலே பேசினாள். யோவான் அந்த நேரம் முழுவதும் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவள் போனபின் கொல்லையில் போய் வாயைக் கொப்பளிப்பார், உப்புப் போட்டு, வேப்பங்குச்சி வைத்துத் தேய்த்து.

ஒரு வெள்ளிக்கிழமை அப்படிக் கொப்பளித்துவிட்டு வந்து அவர் மகளிடம் கேட்டார். "இந்த ஆளை எங்கிட்டருந்து எடுத்திர முடியுமா பிள்ள?"

"முடியும்ப்பா. ஒரு டிஸ்க்கை எடுக்கணும்னா அதுல இருக்கதை எல்லாம் அதே பக்கத்துல உள்ள மத்ததுக்கு மாத்திட்டுத்தான் எடுக்கணும்."

"அதே பக்கம்னா?"

"தெற்குதான். நம்ம தெருவுல வேற யாருக்காவது போவாரு."

யோவான் தெருவைப் பார்த்தார். பாக்கியத்தாய் குழாயடியில் குடத்தை இடுப்பில் ஏற்ற முடியாமல் ஏற்றிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டில் ஒருவர் யாருக்கோ யாருடைய குரலிலோ கல்யாணத் தேதி சொல்லிக்கொண்டிருந்தார். "அப்ப இருக்கட்டும்," என்றார் யோவான். "எனக்கு இவரைப் பழக்கம்."

கிருபைக்கு அன்றிலிருந்து வேலை ஓடவில்லை. உறவு கேட்டால் இறந்தவர் மறைக்கமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும்; எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே வாசிக்கத்தான் அவர்களால் முடியும், பொய் சொல்வதற்கு உயிர் வேண்டும். அண்ணன் எப்படிச் செத்தான் என்பதற்கான பதில் அவள் வீட்டில்தான், அவள் அப்பாவின் உடம்புக்குள்தான் இருந்தது. அதைத் திறக்கிற கேள்வி உலகம்மையிடம் மட்டும் இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு அவள் வீட்டில் இருந்தாள். உலகம்மை வந்து உட்கார்ந்ததும், ஆசீரைப் பற்றி அவரிடம் கேளுங்கள் என்றாள். உலகம்மைக்குத் தெரியாமல் இருந்ததா, தெரியக்கூடாது என்று இருந்தாளா என்பது முகத்தில் தெரியவில்லை. எதுவும் கேட்காமல் எழுந்து போனாள். அடுத்த வெள்ளிக்கிழமை வரவில்லை, அதற்கடுத்ததும் வரவில்லை. அப்பாவின் முகம் முற்றாக மறந்த வீட்டில், அவர் படத்துக்கு முன்னால், அந்நியன் ஒருவனுக்கு மாலை சாத்திக்கொண்டு எத்தனை நாள் இருக்க முடியுமோ அத்தனை நாள் இருந்துவிட்டு வந்தாள். அன்று வெள்ளிக்கிழமைகூட இல்லை.

யோவான் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கிருபை கதவை ஒட்டி நின்றாள். உலகம்மை முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"அப்பா, ஆசீர் எப்படிச் செத்தான்?"

"சொல்லுதேன் தாயி," என்றது குற்றாலிங்கத்தின் குரல். அது சாப்பிட்டேன் தாயி என்று சொன்ன அதே நிதானத்தோடு சொன்னது. "வேலியை அறுத்ததுக்கு நாலு வார்த்தை வையணும்னுதான் கூப்பிட்டு விட்டேன். பொழுது மசங்குற நேரம். கிணத்து மேட்டுல நின்னுக்கிட்டு, வழியை மட்டும் விட்டுருங்கன்னு என் முகத்தைப் பாத்துச் சொன்னான். தள்ளிட்டேன். நீச்சக்காரப் பய, நீந்திப் படிக்கு வந்துட்டான். படியில வச்ச கையை மிதிச்சேன். திரும்ப வந்தான். திரும்பவும் மிதிச்சேன்."

யோவானின் கைகள் முழங்காலின் மேல் அசையாமல் கிடந்தன. அவருடைய நாக்கும் பல்லும் உதடும்தான் அதைச் சொல்லிக்கொண்டிருந்தன. கண்கள் மட்டும் அவருடையதாக, தன் வாய் அடுத்து என்ன சொல்லப்போகிறது என்று காத்திருந்தன. கேள்வி தீர்ந்துபோனதால் குரல் நின்றது. கிருபை கேட்டால் அது பேசாது; யோவான் கேட்டாலும் பேசாது. உலகம்மை வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவள் எழுந்து போய்விடுவாள் என்று கிருபை நினைத்தாள். அவள் கையை எடுத்துவிட்டு இன்னொன்றும் கேட்டாள்.

"ஏதாவது சொன்னானாப்பா?"

"சொன்னான். எங்கப்பாவுக்கு மசங்கினா கண்ணு தெரியாது, என்னைத் தேடிக்கிட்டு இங்கதான் வருவாரு, கிணத்துல விழுந்துருவாரு, அவரை மட்டும் வீட்டுக்கு அனுப்பிருங்கன்னான். பொறவு படியில கை வைக்கல."

ஆசீர் செத்த அன்று மாலை யோவான் மகனைத் தேடிக்கொண்டு தோப்பு வாசல்வரை போயிருந்தார். குற்றாலிங்கம் அங்கே நின்றுகொண்டு, இந்தப் பக்கம் வராதே, வீட்டுக்குப் போ என்று விரட்டினார். அத்தனை வருஷமும் அந்த விரட்டலை யோவான் தன் அவமானங்களோடு சேர்த்து வைத்திருந்தார்.

உலகம்மை போனபின் அவர் கொல்லைக்குப் போய் வாயைக் கொப்பளிக்கவில்லை. இரவுச் சாப்பாடும் வேண்டாம் என்றார். மறுநாள் கிருபை அவரைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனாள். அங்கே இருந்தவர்கள் பொறுமையாகவே கேட்டார்கள். அவர்களிலும் இரண்டு பேருக்குக் காலனியில் ஆள் இருந்தது. ஆனால் செத்தவர்மேல் வழக்கு இல்லை, சொன்ன வாய் உங்கள் வாய், எழுதினால் உங்கள் பெயரில்தான் எழுத வேண்டியிருக்கும் என்றார்கள்.

அந்த வாரம் வடக்குக் கூடத்துக்குப் புதிய டிஸ்க்குகள் லாரியில் வந்து இறங்கின. ஊரே போய் வேடிக்கை பார்த்தது, பூசணிக்காய் உடைத்தது. கிருபை அவற்றைக் குரூப்பில் சேர்த்து, தெற்கில் இருப்பதை எல்லாம் வடக்கிலும் ஒரு பிரதி எழுதும்படி, பாரத்தைப் பங்கிடுகிற ரீபேலன்ஸைத் தொடங்கினாள். அதை எவ்வளவு வேகமாக ஓட்டுவது என்பதற்கு ஓர் எண் உண்டு. எண்ணைக் கூட்டினால் சீக்கிரம் முடியும், தகவலைக் கறக்கிற தெற்குப் பக்கத்துக்குப் பாரம் அதிகம். மேலாளரும் ஊர்ப் பெரியவர்களும் பின்னால் நின்றதால் அவள் கூட்டித்தான் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் காலனி முழுவதும் காய்ச்சல் கண்டது. பாக்கியத்தாய் குழாயடியில் மயங்கி விழுந்தாள். கிருபை எண்ணைக் குறைத்து ஒன்றில் வைத்துவிட்டு, இனி இப்படித்தான் ஓடும் என்று மேலாளரிடம் சொன்னாள். அவர் மேலிடத்துக்கு எழுதுவதாகச் சொன்னார். எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அவள் திரைக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள்.

மெதுமெதுவாக ஊருக்கு அவர்களுடைய இறந்தவர்கள் திரும்பி வந்தார்கள். முதலில் வாசனைகள் வந்தன, அப்புறம் நடைகள், அப்புறம் முகங்கள். ஊர்க்காரர்கள் படங்களைத் துடைத்து மறுபடி மாட்டினார்கள். ஓடையைக் கடப்பது நின்றது. அருகில் ஒன்று இருக்கும்போது தூரத்தில் உள்ளதைத் தேடி யார் போவார்கள்? பஸ் நிறுத்தத்தில் நின்ற பையன்கள் கலைந்தார்கள், ஆம்புலன்ஸ் போனது, டாக்டர் வருவது நின்றது. குழாயில் தண்ணீர் ஒருநாள் வந்தது, ஒருநாள் வரவில்லை. பிடுங்கிய பைகளைத் திரும்பக் கொடுத்தார்கள். அவற்றைத் தூக்கிக்கொண்டு காலனியில் பாதிப்பேர் திருப்பூர் பஸ் ஏறினார்கள். இறந்தவர்கள் காலனியைவிட்டுப் போய்விடவில்லை, மறுபிரதி என்றைக்கும் மறுபக்கத்தில் இருந்தே ஆகவேண்டும். யாரும் வந்து கேட்காததால் பேசாமல் உள்ளே இருந்தார்கள். கைக்குழந்தையின் தாய் மட்டும் இன்னும் கொஞ்ச நாள் பாக்கியத்தாயிடம் வந்து போனாள், பிறகு அவளும் நின்றாள். பாக்கியத்தாய் சாயங்காலங்களில் பாலத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

உலகம்மை தகவல் மையத்துக்கு வந்தாள். மெலிந்திருந்தாள். தோப்பு வேலியை அவள் ஆள் வைத்துப் பிடுங்கிப் போட்டதும், சித்தப்பா வீட்டார் வந்து மறுபடி அடித்து நட்டதும், இப்போது அது இரண்டுக்கும் நடுவில் பாதி சாய்ந்து நிற்பதும் கிருபைக்கு ஏற்கெனவே தெரியும். அப்பா திரும்பி வந்துவிட்டார், தாயி என்று கூப்பிடுவது காதில் கேட்கிறது, அதே குரலில் மிதிச்சேன் என்பதும் கேட்கிறது, இரண்டும் ஒரே குரல், இனி அந்த வீட்டில் தன்னால் இருக்க முடியாது என்று உலகம்மை சொன்னாள். பெட்டகத்திலிருந்து அவரை அழித்துவிடும்படி கேட்டாள். தங்கள் வீட்டு இறந்தவரை அழிக்கச் சொல்ல வாரிசுக்கு உரிமை உண்டு. அழித்தால் வடக்கிலும் போகும், தெற்கிலும் போகும். கிருபைக்கு அது ஒரு வரி வேலை. அவள் கை அரித்தது. அப்பாவை அந்த ஆளிடமிருந்து விடுவிக்க இதைவிட நல்ல வழி இல்லை, பாரம் வேறு யாருக்கும் போகாது. ஆனாலும் அவள் அப்பாவிடம் சொல்லாமல் அதைச் செய்ய விரும்பவில்லை. உலகம்மையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். பாலத்தில் அவர்கள் இருவரையும் தவிர யாரும் இல்லை.

யோவான் முழுசாகக் கேட்டுக்கொண்டார். கட்டில் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"அழிக்காதீங்கம்மா," என்றார்.

கிருபை ஏதோ சொல்ல வந்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எம்பிள்ளை கடைசியா என்னை நினைச்சுப் பேசினது அந்த ஆளுகிட்டத்தான் இருக்கு. வேற யாருகிட்டயும் இல்ல. அவரை அழிச்சா அதுவும் போயிரும். எங்கிட்டத்தான் வச்சிருக்கேன், ஆனா நான் கேட்டா எனக்குத் திறக்காது. நீங்கதான் வந்து கேக்கணும்."

உலகம்மை அழவில்லை. தான் சொன்னால், வாய்மொழியாகத் தானே திருப்பிச் சொன்னால் போதாதா என்று கேட்டாள். யோவான் தலையை ஆட்டினார். ஆசீர் சொன்னதை நேரில் கேட்ட காது ஒன்றுதான், அந்தக் காதிலிருந்துதான் தனக்கு வேண்டும் என்றார். கிருபைக்கு அப்பாவின்மேல் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. தன் அண்ணனைக் கொன்றவனை இந்த வீட்டில் வைத்துக் காப்பாற்றி வந்தால், நாளைக்கு அப்பாவின் காலம் முடிந்ததும் வடக்குப் பிரதியிலிருந்து அவன் மறுபடி தெற்கே இன்னொருவர் தலையில், தன் தலையிலேயேகூட, வந்து விழுவான் என்று அவளுக்குத் தெரியும், இருபக்கத்துக் கணக்கையும் அவள்தானே பார்க்கிறாள். வாசலில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. எதிர்வீடு பூட்டியிருந்தது, அவர்கள் திருப்பூர் போய்ச் சேர்ந்ததாக ஃபோன் வந்திருந்தது.

"முழுசும் கேக்கணுமா?" என்றாள் உலகம்மை.

"வேண்டாம். கடைசியை மட்டும் கேளுங்க."

உலகம்மை நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டாள். பிறகு, தன் அப்பாவிடம் பேசுகிற குரலில், "கடைசியா என்னப்பா சொன்னான்?" என்று கேட்டாள்.

யோவான் கண்களை மூடிக்கொண்டு, தன் வாய் திறப்பதற்காகக் காத்திருந்தார்.